துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

சென்னை ஓவியக் கல்லூரியைச் சார்ந்து வளர்ந்த நவீன கலைப் போக்கான சென்னை ஓவிய இயக்கத்தை ஆராய்வதிலும் அதன் படைப்புகளைக் கண்காட்சிகளாக அமைப்பதிலும் 26 ஆண்டுகளைக் கழித்தபின், இம்மாதத்துடன் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். கண்காட்சிகளின் நுழைவாயிலில் க்யூரேட்டர், அதாவது கண்காட்சி அமைப்பாளர், என்று என் பெயர் மட்டுமே எழுதப்பட்டது; துணைநின்ற உங்கள் பெயர்கள் அங்கே இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இம்மடல்.

ஓவியர்களின் குடும்பத்தாருக்கே முதல் நன்றி. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அங்கே குடியேறி, மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்றுத் தம் கலையைக் காத்த அந்தத் தலைமுறையைத் தேடிப் புறப்பட்ட எனக்கு, அருங்காட்சியகங்களைவிட வீட்டுப் பரண்களும் இரும்புப் பீரோக்களுமே அதிகம் தந்தன. ஒரு கோட்டோவியம் 1971இல் வரையப்பட்டது என்று கண்காட்சிக் கையேட்டில் அச்சேற்றியிருந்தேன். அதைப் பார்த்த ஓவியரின் மனைவி, "இல்லை, அது பெரியவளுக்குக் காது குத்திய வருஷம்" என்று சொல்லி, 1969ஆம் ஆண்டின் காதணி விழா அழைப்பிதழ் ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் பின்புறத்தில் அதே ஓவியத்தின் முன்வரைவு பென்சிலில் இருந்தது. பாணியை வைத்து நான் மூன்று பக்கம் வளர்த்திருந்த வாதம் அத்தோடு முடிந்தது. மறுபதிப்பில் அப்பக்கங்களை நீக்கிவிட்டேன்.

1970இல் தொடங்கிய கசடதபற போன்ற சிற்றிதழ்களைச் செல்லரிக்காமல் காத்து, கேட்டவுடன் கொடுத்த வாசகர்களுக்கும் நன்றி. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைக் காட்சிக்கூடத்துக்கு வராமலே இதழ்ப் பக்கங்களில் கண்டு பழகியவர்கள் அவர்கள். படம் பார்ப்பது பற்றி (ஆய்வரங்குகளைக் குறை சொல்லவில்லை) அவர்களிடம் நான் கற்றது அதிகம்.

மின்பணியாளர் அண்ணனை எப்படி மறப்பேன்? காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்ற ஒளியளவுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்றபோது, "கல்யாண மண்டபத்துக்குப் போட்ட கை, இப்படி இருட்டாக்கச் சொல்கிறீர்களே" என்று அலுத்துக்கொண்டவர், மறுநாள் ஏணியில் நின்றபடி ஒவ்வொரு விளக்காகக் குறைத்து, அளவுமானியை அவரே படித்துச் சொன்னார். பெட்டிகள் செய்த தச்சருக்கும், மழையில் நனைந்து வந்த ஏழு படங்களை ஒற்றுத்தாள் மாற்றி மாற்றிக் காப்பாற்றிய பராமரிப்பாளருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரவலாக வாங்கிய நிழற்படங்களையும் கடிதங்களையும் அடுத்த மாதம் நேரில் வந்து ஒப்படைக்கிறேன். அந்தக் காதணி விழா அழைப்பிதழும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அம்மா.

நன்றியுடன்,
கண்காட்சி அமைப்பாளர்,
சென்னை.