புற்றுநோய் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வார்டிலிருந்து வந்திருக்கும் சிஸ்டர்களுக்கும், வந்தவரைக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு அவ்வப்போது கூடியது. கோரம் இல்லாமல், அதாவது போதிய ஆள் வராமல், கலைந்ததும் உண்டு. பிப்ரவரி 15, சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் தினத்தன்று ஓவியப் போட்டி வைத்தோம். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கொடுப்போர் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது.

இனி மாத்திரை நோட்டு, அதாவது வீட்டில் கொடுக்கும் மாத்திரையை நாள்வாரியாகக் குறிக்க நாம் அச்சிட்டுத் தரும் நோட்டு. "ஆஸ்பத்திரியிலேயே சீட்டு தருகிறார்களே, இது எதற்கு?" என்று போன பொதுக்குழுவில் கேட்டவர்கள் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்களில் குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய், அதிலும் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா) என்ற வகை. வின்கிறிஸ்டின் ஊசி, ஸ்டீராய்டு என்று முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அத்தோடு விட்டால் திரும்பி வரும். அதனால்தான் மொத்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் போகிறது. கடைசிக் கட்டம் பெரும்பாலும் வீட்டில்தான்: தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. முடி முளைத்து, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் "அதான் சரியாயிடுச்சே" என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வார மாத்திரையைத் தவறிப்போய்த் தினமும் கொடுத்தாலோ உயிருக்கே ஆபத்து.

நோட்டில் பக்கத்துக்கு ஏழு கட்டம். மெத்தோட்ரெக்சேட் கிழமையை சிஸ்டரே சிவப்பு மையில் சுழித்துத் தருவார். பின்னட்டையில் பெரிய எழுத்தில்: "காய்ச்சல் 100.4 தொட்டால் ராத்திரியானாலும் கிளம்புங்கள்." வெள்ளையணு குறைந்திருக்கும் பிள்ளைக்கு விடியட்டும் என்று காத்திருக்க முடியாது.

சந்தா பாக்கி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிகிச்சை நடந்தபோது நடுராத்திரியில் எனக்குப் போன் செய்தவர்கள், பிள்ளை தேறியபின் என் போனை எடுப்பதில்லை. அந்தப் பேச்சே வேண்டாம் என்று நினைப்பது புரிகிறது; நானும் பெற்றவன்தான். ஆனால் வார்டில் புதிதாகச் சேர்ந்த தாய்க்கு, தேறிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் வரும் தெம்பு என் நோட்டால் வராது. சந்தா தராவிட்டாலும் அதையாவது செய்யலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். மருத்துவர்கள், சிஸ்டர்கள், இடம் தந்த மண்டபத்தார், டீ போட்டுத் தந்த அம்மா அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் பொறுப்பில் இருக்கச் சொல்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன். நோட்டு தீர்ந்துகொண்டிருக்கிறது, அச்சகத்தார் பழைய பாக்கியைக் கேட்கிறார். ரசீதுப் புத்தகம் டீ மேசையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்