கிளிக்குப் பதிலாக எந்தக் குருவி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது குற்றம் என்று வனத்துறை எச்சரிக்கும் செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவருகின்றன. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு பச்சைக்கிளி, பாதுகாக்கப்படும் உயிரினங்களுக்கான இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவ்வளவும் மக்களைச் சென்றடைந்துவிட்டது. ஆனால், “கிளி வேண்டாம், சரி, கையில் வந்து உட்காரும் சின்னப் பறவை வேறு எது?” என்று பிள்ளைகளுடன் கடைக்குப் போகும் பெற்றோருக்குப் பொறுப்பாக விடை சொல்வாரைத்தான் காணோம். கடைக்காரர் அன்றைக்கு எதைத் தள்ளிவிட நினைக்கிறாரோ, அதுவே விடையாகிவிடுகிறது. பல ஆண்டுகளாகச் சிறு பறவைகளை வளர்த்து வருபவன் என்ற முறையில், இது குறித்து விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜெரிகரும், கொண்டையுடன் இருக்கும் காக்டெய்லும் ஆஸ்திரேலியக் கிளியினங்களே. அவற்றை வளர்க்கச் சட்டத்தில் தடையில்லை. இளம் வயதில் வாங்கினால் நன்றாகப் பழகவும் செய்யும். ஆயினும் கிளிக்கே உரிய கூச்சலும், கண்ட மரச்சாமானைக் கொறிக்கும் வழக்கமும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாரின் தூக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இவர்களிடம் முதலில் நீட்டப்படுவது பெரும்பாலும் சில்லை. பறவை ஆர்வலர்கள் சில்லை என்றும் ஊர்ப்புறத்தார் தினைக்குருவி என்றும் சொல்லும் இப்பறவைகள் வயலோரத்திலும் கண்மாய்க் கரையிலும் வலை விரித்துப் பிடிக்கப்பட்டு, ஒரே கூண்டில் நெருக்கியடித்து அடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. விலை குறைவு என்பதாலேயே பலரும் வாங்கிவிடுகிறார்கள். காட்டில் வாழும் இந்தியப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் கிளி விஷயத்தைப் போலவே சில்லைக்கும் குற்றம்தான் என்பதை அவர்கள் அறிவதில்லை. இதைவிடக் கொடுமை, புள்ளிச் சில்லைக்குப் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று சாயம் ஏற்றி வெளிநாட்டுக் குருவி என்று விற்பது. சாயம் பூசிய பறவையைக் கண்டுபிடிப்பது கடினமன்று. இறகுகளை மெல்ல ஊதி விலக்கினால் நுனியில் நிறமும் அடியில் மங்கிய பழுப்பும் தெரியும். காலிலும் அலகின் ஓரத்திலும் சாயத் திட்டுகள் ஒட்டியிருக்கும். வளர்ந்த பிறகு வலையில் சிக்கிய பறவை மனிதக் கை நெருங்கும்போதெல்லாம் கம்பியில் மோதிக்கொண்டுதான் கிடக்கும். அன்பு காட்டினால் மாறிவிடும் என்று சொல்லி விற்பவர்கள் பறவைக்கும் துரோகம் செய்கிறார்கள், வாங்குகிற குழந்தைக்கும் துரோகம் செய்கிறார்கள்.

அப்படியானால் எதை வாங்கலாம்? கூண்டிலேயே பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த அயல்நாட்டு இனங்களில் நான்கைந்து நம் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் கேனரி, பாட்டுக்காக வளர்க்கப்படுவது. ஆண் பறவை பாடும் அழகுக்கு ஈடில்லை என்றாலும், கையில் ஏறி விளையாடும் இயல்பு அதற்குக் குறைவு. நம் கோடையில் அதற்கு நிழலும் காற்றோட்டமும் கூடுதல் கவனத்துடன் அமைத்துத் தர வேண்டும். ஜீப்ரா ஃபின்ச் கட்டைவிரல் அளவேயான சுறுசுறுப்பான பறவை. விலையும் குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் அது தன் இனத்தோடு கூடி வாழ்வதையே விரும்புகிறது. அதைக் கையில் பழக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ஏமாற்றமடைந்ததையே பார்த்திருக்கிறேன்.

பெங்காலீஸ் ஃபின்ச் வேறு வகை. இப்பறவை இயற்கையில் எங்கும் இல்லை. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானியர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கூண்டில் வளர்த்து உருவாக்கிய இனம் இது. இவ்வளவு காலம் மனிதரோடு இருந்ததன் பயன் அதன் அமைதியில் தெரிகிறது. கூட்டில் முட்டை இருக்கும்போது நாம் எட்டிப் பார்த்தாலும் பதறிப் பறப்பதில்லை, பிற இனங்களின் குஞ்சுகளைக்கூடத் தன் குஞ்சாக வளர்க்கும். காட்டு மூதாதையைவிட இதன் பாட்டு சிக்கலானதாக வளர்ந்திருக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயா விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதே வெண்முதுகுச் சில்லை நம் தென்னிந்தியாவிலும் சுதந்திரமாகத் திரிகிறது. அதன் வீட்டு உறவினர் கடையில் முறையாகக் கிடைக்கும்போது, காட்டில் உள்ளதை வலை போட்டுப் பிடிக்க எந்த நியாயமும் இல்லை. பகல் முழுவதும் யாரும் இல்லாத வீடுகளுக்கு ஒரு ஜோடி பெங்காலீஸ் ஃபின்ச்சையே நான் பரிந்துரைப்பேன். கையில் ஏறி உட்காராவிட்டாலும், அருகில் நின்று பார்த்து மகிழ விடும்.

டைமண்ட் டவ் என்னும் சிறு புறாவையும் குறிப்பிட வேண்டும். சிறகில் வெண்புள்ளிகளும் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமும் கொண்ட இந்த ஆஸ்திரேலியப் பறவை வறண்ட நிலத்துக்குரியது. ஆகவே நம் வெயில் அதற்குப் புதிதன்று. கடிக்கத் தெரியாத, மெல்லக் கூவுகிற பறவை. பொறுமையோடு பழக்கினால் கையில் இருந்தபடி தினை தின்னும். தானியத்தை உமியோடு விழுங்குவதால், அது வயிற்றில் அரைபடுவதற்கு மணல் வைக்க வேண்டும்.

ஆனால் கையோடு பழகும் சிறு பறவைதான் வேண்டும் என்போருக்கு என் விடை ஜாவா குருவி. சாம்பல் உடல், கறுத்த தலை, வெள்ளைக் கன்னம், தடித்த இளஞ்சிவப்பு அலகு என்று பளிச்சென்று இருக்கும்; முழு வெள்ளை வகையும் உண்டு. ஜப்பானில் இதைக் கையில் ஏறும் குருவியாகவே நெடுங்காலமாக வளர்க்கிறார்கள். அய்ச்சி மாநிலத்தின் யாத்தோமி நகரம் வெள்ளை ஜாவாவை வளர்த்தெடுப்பதில் பெயர் பெற்றது. நன்கு பழகிய ஜாவா, குவித்த உள்ளங்கைக்குள் அடங்கிக் கண்ணை மூடிக்கொள்ளும். ஆண் பறவை பாடிக்கொண்டே குதித்து ஆடும். தட்டில் தண்ணீர் வைத்தால் சிறகடித்துக் குளித்துச் சுவரெல்லாம் நனைத்துவிடும். ஏழெட்டு ஆண்டுகள், நல்ல கவனிப்பில் அதற்கு மேலும் வாழும் என்பதால், பிள்ளையின் ஒரு விடுமுறை ஆசைக்காக மட்டும் இதை வாங்கிவிடக் கூடாது.

இந்தப் பறவையை வாங்குவோர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஜாவா, பாலித் தீவுகளின் நெல்வயல்களில் ஒரு காலத்தில் மொய்த்த இக்குருவி, கூண்டு வணிகத்துக்காகவே அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் தன் சொந்த மண்ணில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. அப்பட்டியல் உயிரினங்கள் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருவதால், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி வாங்கிய 30 நாட்களுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ரா ஃபின்ச், பெங்காலீஸ், கேனரி, டைமண்ட் டவ் ஆகியவற்றுக்கு இந்தத் தேவை இல்லை. கூண்டில் பிறந்தது என்பதற்கு விற்பவர் எழுத்தில் ரசீது தராவிட்டால், எவ்வளவு அழகிய குருவியாக இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பழக்க விரும்புவோர் வயது பார்த்து வாங்க வேண்டும். இளம் ஜாவாவின் அலகு கறுத்திருக்கும். வளர வளரத்தான் சிவக்கும். தானாகத் தின்னக் கற்றுக்கொண்ட, அதே சமயம் அலகில் கறுப்பு மாறாத குருவியே தகுந்தது. இன்னும் கண் திறந்து சில நாளேயான குஞ்சைக் கையால் ஊட்டி வளர்த்தால் அதிகம் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் விற்கிறார்கள். அனுபவமில்லாதவர் ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாயில் போய்க் குஞ்சு இறந்துவிடும். அந்தச் சோதனை வேண்டாம்.

வந்த முதல் சில நாட்கள் பறவையைத் தொடவே கூடாது. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்க வேண்டும், நம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அருகில் உட்கார்ந்து மெல்லப் பேசினால் போதும். பிறகு கூண்டுக் கதவின் வழியே ஒரு தினைக்கதிரைப் பிடித்தபடி கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். முதலில் பறவை எதிர்மூலையில் ஒடுங்கும். பின்னர் கழுத்தை நீட்டி ஒரு மணியைக் கொத்திக்கொண்டு பின்வாங்கும். ஒரு நாள், கதிரை எட்டுவதற்காக விரலின் மேல் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் ஆசையில் விரலை மடக்கிவிட்டால் அதுவரை பழக்கியதெல்லாம் வீண். மேலிருந்து கையைக் கொண்டுபோவதும் கூடாது, பறவைக்கு அது பருந்து இறங்குவது போலத்தான். பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு கடினம். ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருந்து பழக்க வேண்டும்.

தனியாக ஒன்றை வளர்த்தால்தான் நெருங்கிப் பழகும் என்பது உண்மையே. ஆனால் தனியாக உள்ள ஜாவாவுக்கு நாம்தான் கூட்டம். நாளின் பெரும்பகுதி வீட்டில் யாராவது இருந்து பேச்சுக் கொடுக்க முடியாவிட்டால், இரண்டாக வாங்கிக்கொண்டு, பழக்கம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை.

கூண்டு உயரத்தைவிட நீளம் முக்கியம். இப்பறவைகள் பக்கவாட்டில் பறப்பவை என்பதால் இரண்டரை அடிக்குக் குறையாத நீளமும், தலை நுழையாத நெருங்கிய கம்பியும் வேண்டும். கோபுரம் வைத்த அலங்காரக் கூண்டு பார்வைக்கு மட்டுமே. உட்கார வழவழப்பான பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் வேம்பு, கொய்யாக் கிளைகளைத் தடிமன் மாற்றி மாற்றிக் கட்டலாம். தினை, சாமை, சிறிது நெல், கொத்தமல்லித் தழை, கடைகளில் கடல்நுரை என்று தரும் கணவாய் ஓடு, தினமும் மாற்றிய தண்ணீர் ஆகியவை போதும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகள்தாம் எனக்கு மிகுந்த கவலை தருகின்றன. கூண்டைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சுழலும் விசிறியில் அடிபட்டுப் பழகிய பறவைகள் இறப்பது அடிக்கடி நடக்கிறது. சிறு பறவைகளின் நுரையீரல் மிக நுட்பமானது. இங்கிலாந்துச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறியக் கேனரியை 1986 வரை எடுத்துச் சென்றதற்குக் காரணமே அதுதான். நான்ஸ்டிக் வாணலி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தியும் சாம்பிராணியும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். பறவை நோயை மறைக்கும் இயல்புடையது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி இக்கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அத்தோடு நில்லாமல், ஒவ்வொரு கூண்டின் மேலும் பறவையின் பெயர், அது எங்கே பிறந்தது, பரிவேஷ் பதிவு தேவையா இல்லையா, தனியாக வளர்க்கத் தகுந்ததா ஜோடியாகவா என்ற விவரங்களைத் தமிழில் எழுதி மாட்டும்படி கால்நடை பராமரிப்புத் துறை உத்தரவிட வேண்டும். கோடை விடுமுறை தொடங்கும் முன்பே வனத்துறையும் இத்துறையும் சேர்ந்து சந்தைகளைச் சோதித்தால், சாயம் பூசிய சில்லைகளைப் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவதைப் பெருமளவு தடுக்கலாம். இது குறித்துத் துறை அலுவலர்களின் கருத்தைக் கேட்டுத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி