கொழும்பு வழியாக வந்து சேர்ந்தேன், தம்பி

சிவமயம்

தம்பிக்கு ஆத்தா எழுதுவது.

லண்டனிலிருந்து ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று வாட்ஸ்அப்பில் போட்டதற்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருந்தாய். சரி, வேலையாக இருப்பாய் என்று இருந்துவிட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. மருமகள் பேசினாள், குட்டி பேசினாள். உன்னைக் கேட்டால் குளிக்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாய், இல்லையென்றால் தூங்குகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ 'ம்' கொட்டுவாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எழுதியதை நீ முழுக்கப் படிப்பாய், சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

எனக்குக் களைப்பே இல்லை. கால் வீங்கவில்லை. உன்னைப் பெற்ற அப்பச்சியோடு வந்தபோது பின்னால் சாதாரண இருக்கையில் முட்டியை மடக்கியே உட்கார்ந்திருந்து, இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்தேனே, அதை மனதில் வைத்துத்தான் இந்த முறை பிசினஸ் கிளாஸ் போட்டாய் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மேல வீட்டு ஆச்சி, லண்டன் வரைக்கும் படுத்துக்கொண்டேவா போனீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். படுத்துக்கொண்டேதான் போனேன், என் மகன் அப்படி அனுப்பினான் என்றேன்.

அங்கே இருந்தபோது பயணத்தைப் பற்றி உன்னிடம் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. நீ கேட்கவும் இல்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கடல் தெரிந்தது, நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் இறங்கப் போகிறோம் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொழும்பு ஐயா நினைப்புதான். காரைக்குடியில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடியும் ரயில் பிடித்துத்தான் கொழும்பு செட்டியார் தெருவில் இருந்த கடைக்குப் போவார்கள். 1964 புயலில் தனுஷ்கோடியே போன பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல். அங்கே ஆடிவேல் திருவிழா முடியாமல் ஊருக்கு வர மாட்டார்கள். அந்தத் தண்ணீரை நான் ஒரு வாய்க் காப்பி ஆறுவதற்குள் தாண்டிவிட்டேன்.

கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையத்தில் சக்கர நாற்காலியோடு ஒரு பிள்ளை காத்திருந்தான், நீ சொல்லி வைத்தது. பெரிய விமானம் ஏர்பஸ் 330. முன்பக்கம் மொத்தமே 28 இருக்கைகள், இந்த ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, அந்த ஜன்னலோரம் ஒன்று. யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய் வரலாம், என் வயதில் அதுவே பெரிய நிம்மதி. இருக்கை நேராக இல்லை, ஜன்னலைப் பார்த்துச் சாய்த்துப் போட்டிருக்கிறது, எதிரே கால் நீட்ட ஒரு குழி. கைப்பிடிக்குப் பக்கத்தில் படம் போட்ட பொத்தான்கள். படுத்திருக்கும் ஆள் படத்தை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் முதுகு இறங்கி இறங்கி அந்தக் குழியோடு ஒரே மட்டமாகிவிடுகிறது, நடுவில் விரலை எடுத்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. நான் பாதியில் எடுத்துவிட்டு முழிப்பதைப் பார்த்து, மயில்தோகை போட்ட சேலை கட்டிய அந்தப் பெண் வந்து என் விரலைப் பொத்தானில் வைத்து, மேலே தன் விரலையும் வைத்து, "விடாதீங்கம்மா" என்றாள். அப்புறம் மெத்தை மேல் துணி விரித்துப் போர்வையும் போர்த்திவிட்டுப் போனாள். பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய விமானத்தில் பாதி நேரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

சைவச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தாய். வெள்ளைத் துணி விரித்துச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், தேங்காய்ச் சம்பல் எல்லாம் வைத்தார்கள். தேங்காயெண்ணெய் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். தேயிலை ரொம்ப நன்றாக இருந்தது.

பெரிய கம்பெனி விமானங்களை விட்டுவிட்டு இந்த ஸ்ரீலங்கனை ஏன் பிடித்தாய் என்று முதலில் நினைத்தேன். சின்ன நாடு, வைத்திருப்பது இருபது இருபத்தைந்து விமானம், லண்டனுக்கு நாளுக்கு ஒன்றுதான், விட்டால் மறுநாள்தான். ஆனால் சென்னைக்குப் போய் அலையாமல் திருச்சியிலேயே ஏறலாம், தமிழில் பேசுவார்கள், சோறு கிடைக்கும். அத்தனையும் யோசித்துத்தான் போட்டிருக்கிறாய். உன் அப்பச்சி இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்திருப்பார்கள்.

ஆனால் இவ்வளவு செலவு எனக்கு எதற்குத் தம்பி? "காசு ஒன்றும் இல்லை ஆத்தா, எல்லாம் பாயிண்ட்ஸ்" என்றாய். பிரிட்டிஷ் ஏர்வேஸில் நீ சேர்த்து வைத்தது, ஸ்ரீலங்கனும் அவர்களும் ஒரே கூட்டணி, ஒன்வேர்ல்டு, அதனால் இதிலும் செல்லும் என்றாய். நானும் தலையாட்டினேன். வந்த பிறகு காரைக்குடியில் நமக்கு டிக்கெட் போடுகிற பையனிடம் விசாரித்தேன். பாயிண்ட்ஸில் எடுத்தாலும் வரியும் கட்டணமும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், அதுவும் லண்டனிலிருந்து கிளம்பும்போது அந்த ஊர் அரசாங்கம் போடும் வரி, சாதாரண இருக்கையைவிட இந்த இருக்கைக்கு இரண்டு மடங்குக்கு மேல் என்றான். அதை நீ என்னிடம் சொல்லவில்லை. கிரெடிட் கார்டில் போட்டாயா? போட்டிருந்தால் உடனே கட்டிவிடு, அந்த வட்டி நம் மக்கள் யாரும் வாங்கிய வட்டி இல்லை.

சரி, வரியை விடு. அந்தப் பாயிண்ட்ஸ் எல்லாம் நீ ஆபீஸ் வேலையாகப் பறந்து பறந்து சேர்த்தது. குட்டி பிறந்த வாரம்கூட நியூயார்க்கில் நின்றுகொண்டு போனில் அழுதாயே. அத்தனை வருடச் சேமிப்பையும் போகவும் வரவும் எனக்கே கரைத்துவிட்டாய். மேற்கொண்டு சேரும் என்று இருக்கிறவன் கொஞ்சம் வைத்துக்கொண்டுதான் எடுப்பான். நீ ஐந்தாவது படிக்கும்போதே திருவிழாக் காசில் பாதியை அப்பத்தாவிடம் கொடுத்து வைக்கிற பிள்ளை. பெட்டியைத் துடைத்து எடுக்கிற ஆள் இல்லை நீ.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்காக லீவு போட்டிருப்பதாகச் சொன்னாய், சந்தோஷம். ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலுக்கு நடுவாரத்தில் பகல் பூஜைக்குக் கூட்டிப் போனாய், குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவசரமே இல்லாமல் நடந்து வந்தாய், கவுனி அரிசி கிண்டும்போது பக்கத்தில் நின்று கரண்டியை வாங்கிக்கொண்டாய். பல வருடமாக உன்னோடு இப்படி இருந்ததில்லை. ஆனால் லீவு போட்டவன் காலையில் குளித்து இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டான். போன் வந்தால் அந்தக் குளிரில் தோட்டத்துக்குப் போய்ப் பேச மாட்டான். வாசல் கதவுக்குப் பின்னால் கோட்டு மாட்டுகிற கொக்கியில் நீலக் கயிற்றோடு உன் ஆபீஸ் அட்டை தொங்கும், முன்பு வந்தபோது குட்டி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விளையாடும், நீ கிளம்பும் நேரத்தில் தேடுவாய். இந்த முறை அந்தக் கொக்கியில் குட்டியின் தொப்பிதான் தொங்கியது. நான் இருந்தவரைக்கும் ஒரு நாளும் நீ எதையும் தேடவில்லை.

திரும்பி வந்த விமானத்தில் அதே மாதிரி இருக்கை, அதே மெத்தை, எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. ராத்திரி விமானம், எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டார்கள். நான் மேப்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அரபிக்கடலுக்கு மேல் வந்தபோது ஒரு பணிப்பெண் வந்து வெந்நீர் வேண்டுமா என்று கேட்டாள். எத்தனை சொகுசு செய்து கொடுத்திருக்கிறான், இதற்கு அவன் எதை விட்டானோ என்றுதான் ஓடியது. நீ நன்றாக வாழ்கிறாய் என்று நான் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றுதானே இதையெல்லாம் செய்தாய்? நான் பார்க்க வந்தது உன்னைத்தான்.

ரங்கூன் ஐயா வந்த கதையை உன் அப்பத்தா உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்னிடம் சொன்ன மாதிரி சொல்லியிருக்க மாட்டார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று பர்மாவை விட்டு நடந்தே வந்தவர்களில் அவர்களும் ஒருவர். வரவு செலவுச் சிட்டைகூட இல்லை, மாற்று வேட்டி இல்லை, கால் இரண்டும் புண். முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களை முதலில் யாரோ பரதேசி என்றுதான் நினைத்தார்களாம். அடையாளம் தெரிந்ததும் அப்பத்தா சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், வெந்நீர் வைத்தார்கள், சோறு போட்டார்கள். கடை என்ன ஆச்சு, கொடுத்த கடன் என்ன ஆச்சு என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐயாவாகச் சொல்லும்வரை விட்டுவிட்டார்கள். அதே ஐயா பிறகு புதுவயலில் அரிசி மண்டி வைத்துத்தான் உன் அப்பச்சியைப் படிக்க வைத்தார்கள். இந்த வீட்டுக்கு அது புதிது இல்லை.

நான் பறந்த விமானத்துக்காரர்களையே எடுத்துக்கொள். 1979இல் ஏர் லங்கா என்று தொடங்கியது, 2001இல் விமான நிலையத் தாக்குதலில் நிறுத்தி வைத்திருந்த விமானங்களே எரிந்தன, 2022இல் நாட்டிலேயே எண்ணெய் இல்லை. தொலைதூரம் போகிற விமானங்கள் சில திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதை நீயும் படித்திருப்பாய். பக்கத்து ஊரில் இறங்கி நிரப்பிக்கொள்வதை அவர்கள் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. நீ வந்து இறங்க வேண்டியது பக்கத்து ஊரில்கூட இல்லை, உன் சொந்த வீட்டில்.

மருமகளுக்குத் தெரியாமல் எதையும் வைத்துக்கொள்ளாதே. அவளுக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் இன்றைக்கே சொல், நல்ல பிள்ளை அவள். கடன் வாங்காதே. என் டெபாசிட் ஒன்று மார்ச்சில் முதிர்கிறது, சிறுவாட்டுக் காசும் இருக்கிறது, எனக்கு இங்கே என்ன செலவு? ராத்திரி நேரத்தோடு தூங்கு. கிரெடிட் கார்டைத் தொடாதே, இதை முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

இங்கே மழை நல்ல மழை. வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் ஓடு ஒழுகுகிறது, ஆள் சொல்லியிருக்கிறேன். சின்னம்மான் பேத்திக்குத் திருமணம் பேசி முடித்திருக்கிறார்கள், தை மாதம். வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

கார்த்திகைத் தீபத்திலிருந்து கோடி வேட்டியில் நாளுக்கு ஒரு நூல் எடுத்து வைக்கிறேன். 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அங்கே எல்லோரும் கூடி ஒரு ஹாலில் அந்த நூல்திரியை மாவில் வைத்து ஏற்றி இழை எடுத்துக்கொள்கிறீர்கள், அது சரிதான், ஆனால் இந்த வருடம் நீ இங்கே வந்து பெரியப்பச்சி கையால் எடுத்துக்கொள். குட்டிக்கும் பள்ளிக்கூடம் லீவுதானே? எல்லோரும் வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்து வா, கால் வீங்கினால் நான் வெந்நீர் வைத்துத் தருகிறேன். திரும்பிப் போகிற தேதி போடாத டிக்கெட் கிடைக்குமா என்றும் அந்தப் பையனிடம் கேட்டிருக்கிறேன், கிடைக்குமாம். உன் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, காசு நான் கட்டுகிறேன், இதில் என்னோடு வாதம் செய்யாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே போன் பண்ணு. மருமகளிடம் கொடுக்காதே. நான் எதுவும் கேட்க மாட்டேன், எந்தத் தேதி என்று மட்டும் சொல், மாடி அறையை ஒட்டடை அடிக்க வேண்டும்.

ஆத்தா
பள்ளத்தூர்