கதிருக்கு, லியோனில் நடந்த ஒரு பழைய வழக்கைப் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

போன வாரம் பிரான்சின் லியோன் நகரத்து மோன்லுக் சிறையைப் பார்த்துவிட்டு வந்து நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை மனதை விட்டுப் போக மறுக்கிறது. நாஜி அதிகாரி கிளாவுஸ் பார்பியை அமெரிக்க உளவுத்துறை தப்பவைத்த கதையைச் சொல்லிவிட்டு, "அப்ப இருந்த நிலைமையில அவங்களுக்கு வேற வழி இல்லம்மா, ரஷ்யாக்காரனைப் பத்தித் தெரிஞ்ச ஆள் வேணும்ல" என்றாய். அது போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் என் காலம் முழுக்க ஒரே வேலைதான்: எதிரில் நிற்பவர் தான் சொல்கிற ஆள்தானா என்று பார்ப்பது. அவரை அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் பத்திரம் நகராது. அந்த இடத்தில் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டால் ஒரு குடும்பத்தின் நிலமே போய்விடும். பார்பி தப்பியதைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது துப்பாக்கியோ சுரங்கமோ அல்ல, முத்திரையும் கையெழுத்தும்தான்.

அவன் யார் என்பது நீ தினமும் நடக்கிற தெருக்களிலேயே இருக்கிறது. 1942 நவம்பரிலிருந்து கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீசுக்கு லியோனில் தலைவன். பெர்த்தலோ அவென்யூவில் இன்று எதிர்ப்பியக்க அருங்காட்சியகம் இருக்கிற கட்டடத்தில்தான் ஆட்களை வதைத்தான். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த அந்த இயக்கத்தின் தலைவர் ழான் மூலேனை 1943 ஜூனில் பிடித்துச் சித்திரவதை செய்தவன் அவன்; மூலேன் பிழைக்கவில்லை. 1944 ஏப்ரல் 6 அன்று இசியூ கிராமத்துக் குழந்தைகள் இல்லத்தில் ஒளிந்திருந்த 44 யூதக் குழந்தைகளையும் 7 பெரியவர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பிடித்துவிட்டோம் என்று பாரிசுக்குப் போன தந்தியில் பார்பியின் பெயர் இருக்கிறது. குழந்தைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இந்த ஆளை 1947இல் அமெரிக்க ராணுவத்தின் எதிர் உளவுப் படையான சி.ஐ.சி. சம்பளத்துக்கு எடுத்தது. நீ சொன்ன காரணம்தான். அதற்கு மேல் நடந்ததைப் பார். பிரான்ஸ் அவனைக் கேட்கத் தொடங்கியது. அவன் இருக்கும் இடம் தெரியாது என்று சி.ஐ.சி. தன் நாட்டின் சொந்த அதிகாரிகளிடமே பொய் சொன்னது. அந்த அதிகாரிகள் அதையே பிரான்சுக்குச் சொன்னார்கள். அவனோ அவர்கள் கொடுத்த வீட்டில்தான் இருந்தான். ஒப்படைத்தால் தங்களைப் பற்றி அவன் என்னென்ன சொல்லிவிடுவானோ என்ற பயம். ரஷ்யாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், கதிர்? இது தன் தலையைக் காப்பாற்றுகிற வேலை.

ஆஸ்திரியாவில் இருந்த சி.ஐ.சி. பிரிவிடம் ஏற்கெனவே ஒரு வழி தயாராக இருந்தது. சோவியத் பகுதியிலிருந்து வந்த உளவாளிகளை இத்தாலி வழியாகத் தென் அமெரிக்காவுக்கு அனுப்ப வைத்திருந்த வழி. அவர்களே அதை 'ராட் லைன்', அதாவது எலிப்பாதை என்றார்கள். இத்தாலி முனையில் க்ருனோஸ்லாவ் த்ராகனோவிச் என்ற குரோஷியப் பாதிரியார். குரோஷிய பாசிச இயக்கமான உஸ்தாஷாவின் கொலைகாரர்களை அவர் கப்பலேற்றிக்கொண்டிருந்தார் என்பது இவர்களுக்குத் தெரியும். தெரிந்தே ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். கிளாவுஸ் ஆல்ட்மன் என்ற பெயரில் பார்பிக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் காகிதம் தயாரானது. ஜெனோவாவில் செஞ்சிலுவைச் சங்கப் பயண ஆவணம், பொலிவிய விசா. 1951 மார்ச்சில் கப்பல்.

அந்தச் செஞ்சிலுவை ஆவணம் நாடிழந்து நின்ற உண்மையான அகதிகளுக்காக வந்தது. அவர்களிடம் பிறப்புச் சான்றுகூட இருக்காது என்பதால், சொன்ன சொல்லை நம்பிக் கொடுத்தார்கள். அதே இரக்கத்தில்தான் நாஜிக் குற்றவாளிகளான ஐக்மனும் மெங்கலேயும் பெயர் மாற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் இருவரையும் அமெரிக்கா அனுப்பவில்லை, அதைக் கலந்துவிடக் கூடாது. ஆனால் பார்பிக்கு அந்தச் சாட்சிக் கையெழுத்தைப் போட்டது ஒரு அரசாங்கம். என் மனசு ஆறாதது அங்கேதான்.

பிறகு 32 வருஷம். பொலிவியாவில் குடியுரிமை, வியாபாரம், ராணுவ ஆட்சிகளுக்கு ஆலோசனை. 1971இல் பெயாட்டே கிளார்ஸ்ஃபெல்ட் என்ற பெண் அவன் தடத்தைப் பிடித்தார். அடுத்த வருஷம் லா பாஸுக்கே போனார். கூடப் போனவர் ஈட்டா ஹலாவுன்ப்ரென்னர். இசியூவில் பிடித்துப் போன இரண்டு சின்னப் பெண்களின் தாய். இருவரும் பார்பியின் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். போலீஸ், ராணுவம் எல்லாம் அவன் பக்கம். அந்த வயதில், மொழி தெரியாத ஊரில், அந்த அம்மா அப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அன்றைக்கு ஒன்றும் அசையவில்லை.

பொலிவியாவில் ஆட்சி மாறிய பிறகு, 1983 ஜனவரியில் ஒரு கடன் பாக்கியைச் சாக்காக வைத்துப் பிடித்து, பிப்ரவரியில் பிரான்சுக்கு அனுப்பினார்கள். முதலில் வைத்தது நீ பார்த்த அதே மோன்லுக்கில். அப்போது நீதி அமைச்சர் ரொபேர் பதந்தேர். அவருடைய தகப்பனாரை 1943 பிப்ரவரியில் லியோனின் சேந்த் கத்ரீன் தெருவில் பார்பியின் ஆட்கள்தான் பிடித்துப் போனார்கள்; அவர் சோபிபோர் என்ற நாஜிக் கொலை முகாமில் இறந்தார். தூக்குக்கயிறு கிடையாது, கில்லட்டின் கிடையாது. 1981இல் மரண தண்டனையை ஒழித்தவரும் பதந்தேர்தான். 1987 ஜூலை 4 அன்று ஆயுள் தண்டனை. இசியூ இல்லத்தை நடத்திய சபீன் ஸ்லாத்தேன் அந்த வழக்கில் வந்து சாட்சி சொன்னார்.

நீ படிக்க வேண்டியது 1983 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறைக்காக ஆலன் ரயன் எழுதிய அறிக்கை. பார்பியை வேலைக்கு எடுத்ததை அவர்கூடக் கடுமையாகப் பழிக்கவில்லை. உன் வாதத்துக்கு அந்த அளவு இடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மறைத்ததையும் தப்பவைத்ததையும்தான் நீதிக்குக் குறுக்கே நின்ற செயல் என்றார். அமெரிக்கா பிரான்சிடம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் ஒருவர் மீதும் வழக்கு இல்லை. சட்டப்படி காலம் கடந்துவிட்டது.

அந்த அறிக்கையை முழுசாகப் படித்துவிட்டு எனக்கு எழுது. "வேற வழி இல்ல" என்று இன்னமும் தோன்றினால், எந்தப் பக்கத்தில் அப்படித் தோன்றியது என்று குறித்து அனுப்பு. நானும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பதில் போடுகிறேன். லீவு கிடைத்தால் இசியூவுக்கும் ஒரு தரம் போய் வா. அந்த வீடு 1994 முதல் நினைவில்லமாக இருக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா