கொட்டகைக்குக் கரண்ட் இழுக்கும் முன்

குண்டு உப்பலவாடி,
கடலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியில் எங்கள் வீடே மகிழ்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

லாஸ்பேட்டை வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு மரவேலைப் பட்டறை வைக்கப் போகிறாய், சமையலறை பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். நானும் அப்படித்தான் இழுத்திருந்தேன், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் கம்பி இல்லாத, இரண்டு கோர் (உள்கம்பி) ஒயர். 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை பெருகி, கொட்டகைக்குள் முழங்காலளவு தண்ணீர். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்த பிளக் பெட்டி முழுகிவிட்டது. வெள்ளம் வடிந்து கரண்ட் வந்ததும் தகரக் கதவைத் தொட்டேன். தோள்வரை சுண்டி இழுத்தது. என் காலில் ரப்பர் செருப்பு. பின்னால் பேரன் வெறுங்காலோடு நின்றிருந்தான்.

அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் நிறுத்துகிற எம்.சி.பி. சுவிட்ச் விழவே இல்லை. அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். உயிர் போக அதில் நூற்றில் ஒரு பங்கே போதும். ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தால் விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேண்டும். பேஸ் கம்பியில் போகிற கரண்டும் நியூட்ரல் கம்பியில் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உடனே துண்டித்துவிடும். ஆனால் எர்த் இல்லாமல் அதை மட்டும் போட்டால், கசிகிற கரண்ட் நீ தொடும்வரை தகரத்திலேயே காத்திருக்கும். எர்த் இருந்தால் கசிந்த நொடியே ஆர்.சி.சி.பி. விழும். அதனால் இரும்புக் கால், கூரைத் தகரம் எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்க்கச் சொல். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

மற்றதெல்லாம் சுலபம். மெயின் போர்டிலிருந்து தனி லைன் எடு. இருபது மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள், மூன்று கோர். இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே மணலும் செங்கல்லும் பரப்பு. 16 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று வோல்ட்தான் குறையும். விளக்குக்கு மட்டும் தனி ஆர்.சி.சி.பி.யும் எம்.சி.பி.யும் வை, ரம்பம் ஓடும்போது லைன் விழுந்தால், சுற்றுகிற பிளேடு பக்கத்தில் நீ இருட்டில் நிற்கக் கூடாது. பிளக் எல்லாம் நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும். பெட்டி பிளாஸ்டிக்காகவே வாங்கு, நம் உப்புக்காற்றில் இரும்புப் பெட்டி சீக்கிரம் அரித்துப்போகும்.

லாஸ்பேட்டை மேடுதானே என்பாய். அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. கொட்டியதை மறந்துவிடாதே. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து ஐப்பசி மழைக்குள் முடித்துவிடு.

வேலை முடிகிற நாளை எழுது. காலை பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை நானே ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்