தொடர்கதைப் படகரும் எங்கள் ஊர்ப் படகரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் வார இதழ் மலையேறி எங்கள் கைக்கு வர இரண்டு நாள் பிந்தும். அதனால் என் கோபமும் இரண்டு நாள் பிந்தித்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன இதழின் சரித்திரத் தொடரில், 1544-இல் நீலகிரிப் படகர்கள் குதிரையேறி வந்து, குமரிக் கரையில் கிறிஸ்தவப் பரதவர்களின் குடிசைகளைக் கொளுத்துகிறார்கள். இதை நான் முதலில் படிக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் இலை எடை போடும் இடத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் காத்திருந்தார். அவர் படகர். இதழை அந்தப் பக்கம் தெரிய மடித்து, கறையேறிய கட்டைவிரலால் அந்த வரியை அழுத்திப் பிடித்திருந்தார். "சார், உங்க ஊரை எங்க ஆளுங்கதான் எரிச்சாங்களாமே? முப்பது வருஷமா பழகுறோம், நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் நின்ற அவர் மகன் சிரிக்கவில்லை.

நான் குமரிக்கு வடகிழக்கே, பரதவர் ஊரான மணப்பாட்டில் பிறந்தவன். வரலாற்று ஆசிரியர் வேலை என்னைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தது. ஆக, தங்கள் தொடரில் எரித்தவர்கள் என் அண்டை வீட்டார், எரிந்தது என் பாட்டன் வீடு. நான் யாரோடு சண்டைக்குப் போவது?

தங்களுக்குத் தெரியாததல்ல. அந்நாளில் பரதவரிடையே வேதம் போதித்த பாதிரியார் பிரான்சிஸ் சவேரியார் தம் கடிதங்களில் 'படகா' என்று எழுதியது வடுகரை. தமிழில் 'வ' வரும் இடத்தில் கன்னடத்தில் 'ப' வரும். வடக்கத்தியார் என்பதுதான் பொருள். முத்துக்குளித் துறைக்குள் அன்று புகுந்தது விஜயநகரத்துப் படை. இங்குள்ள படகர் மைசூர்ப் பக்கமிருந்து வந்து குடியேறியதால் அதே பெயரைப் பெற்றவர்கள். 1603-இல் பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்து பார்த்தது, எருமை வளர்க்கும் தோடரையும் படகர் ஊர்களையும்தான். என் வகுப்பில் ஒரு வருஷம் மூன்று ராஜேஸ்வரிகள் இருந்தார்கள். ஒருத்தி செய்த குறும்புக்கு இன்னொருத்தியை நான் முட்டி போட வைத்ததில்லை.

சரி, பெயர்க் குழப்பம் என்று விடலாம். அதே அத்தியாயத்தின் படத்தில் சவேரியார் மூன்று பாய்மரக் கப்பலின் முன்னால் நின்று கையை நீட்டுகிறார். பின்னால் பீரங்கிப் புகை. உண்மையில் நடந்தது இதைவிடப் பெரிய கதை, ஐயா. வடுகருக்குப் பயந்து குமரி மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிப் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். அந்த ஜூன் மாதம் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். போக முடியவில்லை. ஜூனில் அங்கே சோழக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. குமரிக்குப் போகிறவன் முகத்திலேயே அடிக்கும். என் அப்பா அந்த மாதங்களில் காலையில் வாசலில் நின்று கன்னத்தைக் காற்றுக்குக் காட்டுவார். ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து பாயை விரித்துத் திரும்பப் படுத்துக்கொள்வார். அவ்வளவுதான், அன்றைக்கு வீட்டில் மீன் இல்லை. தங்கள் தொடரின் நாயகனோ அதே ஆனி மாதத்தில் வாடைக் காற்றில் பாய் விரித்து ஒரே இரவில் குமரி போய்ச் சேருகிறான்!

காற்று விஷயத்தில் தங்கள் அலுவலகத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் நான் அனுப்பிய ஒரு கட்டுரையில் 'கச்சானில் தோணி கவிழ்ந்தது' என்று எழுதியிருந்தேன். அச்சில் 'தென்றலில் தோணி கவிழ்ந்தது' என்று வந்தது. ஊரிலிருந்து என் சித்தப்பா போன் செய்து, "ஏலே, மலைக்குப் போய் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

அப்புறம் என் குறுநாவல். அந்த 20 தோணிகளைப் பற்றித்தான். 'கடல் மணம் இல்லை. நேரில் பார்த்து எழுதவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. உறையில் கோத்தகிரி முகவரியைப் பார்த்தவுடன் மூக்கு அடைத்துக்கொண்டது போலும். அதற்கு முன்பே தங்கள் உதவி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார்: "சார், வில்லன் எந்த மதம்னே தெரியலை. முதல் அத்தியாயத்திலேயே தெளிவா வச்சிடுங்களேன்."

எப்படி வைப்பது? 1538 தொடக்கத்தில் ராமேசுவரத்துப் பக்கம் வேதாளையில் போர்த்துகீசியரிடம் தோற்றது முஸ்லிம் மரைக்காயர்களின் கப்பல் படை. அதை அனுப்பியது கோழிக்கோட்டின் சாமூதிரி, இந்து அரசர். படை போய்க்கொண்டிருந்தது இலங்கைக்கு, சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்கு உதவ. எதிரி அவனுடைய சொந்த அண்ணன், இலங்கையின் கோட்டை என்ற ராஜ்ஜியத்தின் அரசன். அண்ணனுக்குத் துணை போர்த்துகீசியர். தம்பிக்குத் துணை மரைக்காயர். தங்கள் தொடரில் இது சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர். அதோடு சவேரியார் வேறு கரையில் நின்று ஆசீர்வதிக்கிறார். அவர் இந்தியாவில் கால் வைத்ததே 1542-இல். பிறகு அதே சாமூதிரி வம்சம் போர்த்துகீசியரோடு சேர்ந்து தன் கடற்படைத் தலைவன் குஞ்ஞாலி மரைக்காரின் கோட்டையை முற்றுகையிட்டது. 1600-இல் அவர் தலை கோவாவில் விழுந்தது. இதில் வில்லனுக்கு எந்தச் சட்டை போடுவது என்று உதவி ஆசிரியரே சொல்லட்டும். பரதவர் மதம் மாறியதிலும் முத்தும் வரியும் உயிர்ப் பயமும் கலந்திருந்தன. இதை எழுதினால் எங்கள் ஊரிலேயே சிலருக்குப் பிடிக்காது. இருந்தும் எழுதினேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், தொடரில் வரும் 'படகர்' நீலகிரிப் படகர் அல்ல, வடுகர் என்று இரண்டு வரி போடுங்கள். கடைசிப் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி, பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்ட வேண்டும்.

குறுநாவலோடு, மணப்பாட்டிலிருந்து குமரி வரை கையால் வரைந்த கடற்கரை வரைபடம் ஒன்றும் வைத்திருந்தேன். கதை திரும்பி வந்தது, வரைபடம் வரவில்லை. என் அப்பா சொல்லச் சொல்ல வரைந்தது, அவர் இப்போது இல்லை. தபால்தலை ஒட்டிய உறை அப்போதே வைத்திருக்கிறேன், தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோத்தகிரி.