காணி உறுதி வரும்வரை மழை பொறுக்காது

அன்பு மகன்,

நாங்க எல்லாரும் சுகம். நீயும் சுகமா இருக்கணும்னு மாரியாத்தாள வேண்டிக்கிறேன்.

"நமக்குச் சொந்தமில்லாத இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, வரிசையா ஒட்டிக் கட்டின வீட்டுக்கு, எதுக்கும்மா காசக் கொட்டுறீங்க, அத சேத்து வச்சா டவுன் பக்கம் உறுதிப் பத்திரத்தோட ஒரு துண்டு காணி வாங்கலாமே"ன்னு நீ போன்ல கேட்டப்ப அப்பா பக்கத்துல இருந்தாரு. அதனால ஒண்ணும் பேசல. தனியா பேசலாம்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா"ன்னுட்டு டியூட்டிக்கு நேரமாச்சுன்னு வச்சிடுற. அதான் ஒக்காந்து எழுதுறேன். தங்கச்சி இத போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுவா. கட்டார்ல ரூமுக்கு வந்து சாப்பிட்டுட்டு ஆறுதலா வாசி.

கூரைய மொதல்ல சொல்றேன், காசு கூடப் போனது அதுக்குத்தான். நீ போறப்ப இருந்த தகரம் ஒன் தாத்தா காலத்துத் தகரம். கல்லு, பழைய டயரு, மண்ணு மூட்டை எல்லாத்தையும் மேல ஏத்தி வச்சுத்தான் காத்துக்குப் பறக்காம இருந்துச்சு. அடுப்படி மேல தார் பூசிப் பூசி, தகரத்தவிட தாரு கனம். வைகாசி பொறந்துட்டா இந்தப் பக்கம் மழை எப்படி அடிக்கும்னு ஒனக்குச் சொல்லணுமா. தையில இருந்து சித்திரை வரைக்கும் காயுற இந்த வெயில விட்டா வேற நேரம் கெடைக்காது.

லயத்துல தனியா ஒரு வீட்டுக்கு மட்டும் கூரை மாத்துறதுல ஒரு சிக்கல் இருக்கு. எல்லாக் காம்பரா வீட்டுக்கும் மேல ஒரே கூரை மோடு. நம்ம தகரத்து ஓரம் பக்கத்து வீட்டுத் தகரத்துக்கு அடியில போகுது. நம்மது புதுசு, அவங்களது இத்துப் போனதுன்னா, ரெண்டும் சேர்ற எடத்துல தண்ணி அவங்க பக்கம் எறங்கிடும். பக்கத்துக் காம்பரா அத்தை அத நெனச்சு மூஞ்சி குடுத்தே பேசல. அப்பாதான் அவங்க இஸ்தோப்புத் திண்ணையில போயி ஒக்காந்து, சேர்ற வரிசைக்கு ஒரு தகரம் நாங்களே போட்டுத் தர்றோம்னாரு. அப்புறந்தான் உள்ள இருந்து தேத்தண்ணி வந்துச்சு. கணக்குல "மத்த செலவு"ன்னு எழுதியிருந்தத என்னான்னு கேட்டியே, அந்தத் தகரந்தான். இனி அதப் பத்தி அப்பாகிட்ட கேக்காத.

தோட்டத்து ஆபீசுல கடுதாசி குடுத்து அனுமதி வாங்கின கதைய விடு, பெருமூச்சுதான் வரும். அது கெடைச்ச நேரம் பாத்து, தகரம் அடிக்கிற மேஸ்திரி, நம்ம பாஸ், மன்மதன் கதை ஆடுற காமன் கூத்துக்குக் காப்புக் கட்டிட்டாரு. இந்த வருசம் அவருதான் மதன் வேசம். காப்பு அவுக்கிற வரைக்கும் ஏணியில கால் வைக்க மாட்டேன்னுட்டாரு. அப்பா பகல் முழுக்க அவர ஏசுவாரு. ராவானா, தப்பு மேளச் சத்தம் கேட்டதும் போர்வையப் போத்திக்கிட்டு மொத ஆளா களத்துக்குப் போறதும் அவருதான். கூத்துல சிவன் மதன எரிச்ச அன்னைக்கு அழுதுட்டு வந்தாரு. எனக்கு வந்த சிரிப்ப அடக்கிக்கிட்டேன்.

பாஸ் வேலைக்கு வந்தப்புறம் கொறை சொல்ல முடியாது. ஆணிய தகரத்தோட மேட்டுலதான் அடிக்கணுமாம். பள்ளத்துல அடிச்சா ஓடுற தண்ணியெல்லாம் அந்த ஓட்டை மேலதானே போகும். பழைய தகரத்தக் கழட்டிக் கீழ போட்டுப் பாத்தா, பாதி ஆணி பள்ளத்துல இருக்கு. இத்தன வருசம் நாங்க சட்டி வச்சுப் புடிச்ச தண்ணி வந்த வழி அதுதான். இப்ப ரப்பர் வாசர் வச்சு, ஒவ்வொரு ஆணியும் மேட்டுல.

அதவிட முக்கியமான வேலை ஒண்ணு நடந்திருக்கு. உள் காம்பராவுக்கு ஜன்னல் கெடையாதுல்ல, பகல்லயும் லைட் போட்டாத்தான் அங்க மொகம் தெரியும். அந்த எடத்துக்கு மேல மட்டும் வெளிச்சம் விடுற கண்ணாடி ஷீட் ஒண்ணு போட்டிருக்கு. பாஸ் சொன்ன யோசனை. காலையில வெயில் ஏறுனா தங்கச்சி மேசை மேல நேரா விழுகுது. லைட் போடாமலே படிக்கிறா. சுவத்துல ஒரு மூலையில நீ கரித்துண்டால எழுதின ஆறாம் வாய்ப்பாடு இன்னும் இருந்திருக்கு, இத்தன நாளும் இருட்டுல யாரும் பாக்கல. சுண்ணாம்பு அடிக்கிறப்ப அத விட்டுட்டு அடிக்கச் சொன்னா தங்கச்சி. நான் அதுக்கு மேலயும் சேத்தே அடிச்சிட்டேன். கரி சும்மாவே ரெண்டாம் பூச்சையும் தாண்டித் தெரியுது.

சுண்ணாம்புக்குப் பதிலா இந்தத் தடவை டவுன்ல பெயின்ட் வாங்கலாம்னு அப்பா சொன்னாரு. நான் விடல. நம்ம சுவரு கல்லும் மண்ணும், ஈரத்த உறிஞ்சி வெளிய விடுற சுவரு. பெயின்ட் அடிச்சா ஒரு மழைக்குப் பொருக்குப் பொருக்கா உரியும். சுண்ணாம்புக் கல்ல பழைய வாளியில போட்டுத் தண்ணி ஊத்துனா எப்படிப் பொங்கும்னு ஒனக்கு ஞாபகம் இருக்கும், சின்னதுல பயந்து தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்கு ஓடுவ. பொங்கி அடங்கி ராவெல்லாம் ஊறுனத துணியில வடிகட்டி, உப்பு ஒரு பிடி, நீலம் ஒரு துளி. சுவத்த நனைச்சிட்டு தண்ணியாத்தான் அடிக்கணும். அடிக்கிறப்ப ஒண்ணுமே புடிக்காத மாதிரி சாம்பலாத் தெரியும். தங்கச்சி "ஏம்மா, வேலையில்லாம தண்ணியப் பூசுற"ன்னா. காஞ்சு வர வரத்தான் வெள்ளை எறங்கும். சித்திரை வருசப்பொறப்புக்கு வீடு பளிச்சுன்னு இருந்துச்சு.

அடுப்பையும் மாத்தியாச்சு. நீ காஸ் வாங்கிக்கச் சொன்ன, சரிதான், ஒண்ணு வச்சிருக்கோம் அவசரத்துக்கு. ஆனா 2022ல இலங்கை முழுக்க காஸ் தட்டுப்பாடு வந்தப்ப சிலிண்டர வீதியில வரிசையா சங்கிலி போட்டுக் கட்டிட்டு காத்துக் கெடந்தத நான் மறக்கல. மிலாறு மலையில கெடக்கு, தேயிலைய கவ்வாத்து வெட்டுனா விழுற குச்சியத்தான் சுமந்துட்டு வர்றோமே. பிரச்சினை விறகுல இல்ல, பொகையில. அப்பாயி கடைசிக் காலத்துல இருமுன இருமல் ஒனக்குக் கேட்டிருக்கும். வாழ்நாள்ல ஒரு சுருட்டு குடிச்சதில்ல அவுங்க, அடுப்புப் பொகையத்தான் குடிச்சாங்க.

அனகி அடுப்பு தெரியும்தானே, மண்ணுல சுட்டது, ஒரு வாய், ரெண்டு கண்ணு. ஹட்டன்ல வாங்கி பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். அதுக்கும் ஒரு டிக்கட் போடவான்னு கண்டக்டர் கேட்டாரு. புத்து மண்ணும் சாம்பலும் சாணியும் பெசஞ்சு சுத்திவரக் கனமா அணைச்சு, நெழல்ல நல்லாக் காய விட்டேன். அவசரப்பட்டு நெருப்பு வச்சா வெடிப்பு விழுந்திடும். இப்ப முன் கண்ணுல சோறு வேகுறப்பவே, தப்பி ஓடுற சூட்டுல பின் கண்ணுல பருப்பு வெந்துடுது. மிலாற முழங்கை நீளத்துக்கு வெட்டி வச்சா, முன்ன ஒரு வேளைக்கு எரிச்சதுல இப்ப ரெண்டு வேளை.

பொகைக்கூண்டு வைக்கத்தான் சண்டை. புதுத் தகரத்துல ஓட்டை போடுறதான்னு அப்பாவுக்கு மனசே வரல. ஓட்டை தகரத்துல வேணுமா என் நெஞ்சுல வேணுமான்னு கேட்டேன். மறுநாள் பாஸக் கூட்டிட்டு வந்தாரு.

தோட்டத்துல லீக்ஸ் நல்லா வந்துச்சு, போஞ்சியும் பரவாயில்ல. உருளைக்கிழங்க காட்டுப்பன்னி கெளறிட்டுப் போயிடுச்சு. அதுல எழுத ஒண்ணும் இல்ல.

கான் வெட்டுனதத்தான் நீ தெரிஞ்சுக்கணும். நீ அனுப்புன காசுல ஒரு ரூபாயும் அதுக்குப் போகல, ஆனா இந்த வெயில் காலத்துல நடந்ததுல அதுதான் பெரிய வேலை. லயத்துக்குப் பின்னால மேட்டுத் தண்ணி எறங்குற கான், மண்ணு சரிஞ்சு, குப்பை அடைஞ்சு, பில்லு மொளச்சு, கான்னு ஒண்ணு இருந்ததே தெரியாமப் போச்சு. போன மழையில தண்ணி எங்க போறதுன்னு தெரியாம சுவத்துக்கு அடியிலயே ஊறுச்சு. ஞாயித்துக்கெழம லயத்து ஆளுக எல்லாரும் எறங்கினோம். ஆம்பளைங்க மம்பட்டி, நாங்க கூடை. பொடிசுக பிளாஸ்டிக் போத்தல் பொறுக்குச்சுக. ஒரு வீட்டுல சோறு, ஒரு வீட்டுல கருவாட்டுக் கறி. வேலைய விட்டுட்டு கிரிக்கெட் பாக்கப் போனவங்க பேரையும் எழுதுவேன், நீ சிரிச்சுக்கிட்டே அவனுகளுக்கு மெசேஜ் போடுவ, அதனால வேணாம்.

2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில லயத்த மண்ணு மூடுனது ஒனக்கு ஞாபகம் இருக்கும். அன்னைக்கு ராவு அப்பா தூங்காம இஸ்தோப்புலயே இருந்தாரு. அதுல இருந்து மழை காலத்துல மேட்டப் பாத்துட்டு வர்றது அவரு பழக்கம். நெலத்துல புதுசா வெடிப்பு இருக்கா, மரம் சாஞ்சிருக்கா, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வருதா, இதெல்லாம் பாத்துட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாரு. இப்பதைக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாத. இருந்தா லயத்துல ஒரு நிமிசம் இருக்க மாட்டோம், புதுக் கூரைன்னு பாக்க மாட்டோம்.

இனி ஒன் கேள்விக்கு வர்றேன். நீ சொல்றது பொய் இல்ல. 1972லயும் 1975லயும் தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் குடுத்துச்சு. நம்ம ஆளுக இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்து 1823ல இருந்து இங்க இருந்தும் அந்தக் காகிதம் எதுலயும் நம்ம பேரு இல்ல. ஏழு பேர்ச் அளவுக் காணி, 550 சதுர அடி வீடுன்னு சில தோட்டத்துல கட்டிக் குடுத்தத நாமளும் போயிப் பாத்தோம். 2017ல மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்து இன்னும் பத்தாயிரம் வீடுன்னு சொன்னப்ப, நீ அப்பா தோளப் புடிச்சுக்கிட்டு கைதட்டுன. நம்ம டிவிசனுக்கு இன்னும் ஒரு கல்லு வரல. வந்தா வாங்கிக்குவோம், கேக்குறதையும் விட மாட்டோம். சங்கத்துக் கூட்டத்துல அப்பா இப்பவும் காணி உறுதி காணி உறுதின்னுதான் எந்திரிக்கிறாரு, எல்லாரும் அவர "உறுதி மாமா"ன்னே கூப்புடுறாங்க. ஆனா உறுதி வர்ற வரைக்கும் மழை காத்துக்கிட்டு இருக்குமா? பொகை காத்துக்கிட்டு இருக்குமா? தங்கச்சி பரீட்சை நிக்குமா?

பங்குனியில தண்ணி வத்துனப்ப அத்தையோட மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் போனேன். அணைத் தண்ணியில முங்கிப் போன பழைய மஸ்கெலியாக் கோயில் வெளிய தெரிஞ்சுச்சு. சேறு காஞ்ச தரையில நடந்து போயி சூடம் கொளுத்திட்டு வந்தோம். அணை கட்டுனப்ப டவுனே மேட்டுக்கு ஏறுச்சு. கடை வச்சிருந்தவங்களும் காணி உறுதி வச்சிருந்தவங்களும் சேந்துதான் ஏறுனாங்க. உறுதி வேணாம்னு சொல்ல வரல மகன். அது கையில இருந்தாத்தான் வீடு, இல்லாட்டி தங்குற மடம்னு நீ பேசுறதுதான் எனக்குப் புடிக்கல. ஒன்ன நான் மடத்துல பெத்து வளக்கல.

காணி வாங்கணும்னா வாங்கு. ஒன் பேருல, ஒனக்கு வரப்போறவளுக்காக வாங்கு. எங்களுக்காகன்னு வாங்காத, நாங்க வர மாட்டோம். மலைய வெட்டி நெரவி மலிவா விக்கிற துண்டு வேணாம், நெரவுன மண்ணு ஒக்கார வருசக்கணக்கு ஆகும். பாக்குறதுக்கு முன்னால அப்பாகிட்ட சொல்லு, அவரு மழை நாள்ல போயி நின்னு பாப்பாரு. லயத்துக்குன்னு இனிமே காசு அனுப்பாத, பெரிய செலவு முடிஞ்சு போச்சு. தங்கச்சி உயர்தரம் படிக்க டவுனுக்குப் போவா, பஸ் காசும் டியூசன் காசும் அப்பப்ப குடுத்தாப் போதும்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. கூரைத் தண்ணி வடியுற பீலி இன்னும் கட்டல. மோட்டுத் தண்ணி முழுக்க இஸ்தோப்பு வாசல்லயே விழுந்தா சுண்ணாம்பு அடிச்ச சுவரு ஒரு மாசம் தாங்காது. அப்பா தகரப் பீலிதான் நிக்கும்ங்கிறாரு, பாஸ் பீ.வீ.சி. போடு, துருப்புடிக்காதுங்கிறாரு. ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாம இருக்காங்க. எனக்கு பீ.வீ.சி. தான் சரின்னு படுது, ஆனா நான் சொன்னா எடுபடாது. நீ ஞாயித்துக்கெழம போன் எடுக்கிறப்ப, நீயா யோசிச்ச மாதிரி அப்பாகிட்ட சொல்லு. நான் எழுதுனேன்னு சொல்லிடாத.

அன்புடன்,
அம்மா